ஊசிப்புல்லுக்கு எத்தனை வால்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவி)

"புல் என்றால் புல்தான், அதற்கு ஒரு பெயர் வேறு வேண்டுமா?" என்று கேட்பவர்கள் நம்மில் பலர் உண்டு. ரோஜா என்போம், மல்லிகை என்போம். ஆனால் வகுப்புக்கு வரும் வழியில் நாள்தோறும் காலில் மிதிபடும் பச்சையைப் பொதுவாகப் 'புல்' என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். இதில் நானும் விதிவிலக்கு அல்லள். ஆடு மேய்க்கும் வீட்டில் பிறந்து, தாவரவியல் படிக்க வந்த பிறகும், ஒரு புல்லின் பெயரைத் தவறாக எழுதிவைத்து வகுப்பறையில் தலைகுனிந்து நின்றவள் நான். அந்தத் தவறே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சென்ற ஆண்டு எங்களுக்கு உலர்தாவரத் தொகுப்பு ஒன்று ஒப்படைக்க வேண்டியிருந்தது. அன்னவாசல் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரின் பொட்டலிலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொண்டுவந்தேன். ஊரில் அதற்கு ஊசிப்புல் என்று பெயர். நூலகத்தில் இருந்த ஒரு புத்தகத்தில், ஊசி போல் குத்தும் புல் என்று அரிஸ்டிடா என்னும் இனத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். குத்துவது எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணி, 'அரிஸ்டிடா' என்றே எழுதிவிட்டேன்.

தாளைப் பார்த்த ஆசிரியை கோபிக்கவில்லை. ஒரு கை லென்சை எடுத்து என்னிடம் கொடுத்து, "இந்த ஊசிக்கு எத்தனை வால் இருக்கிறது என்று எண்ணிச் சொல்" என்றார். எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது. "அரிஸ்டிடாவுக்கு மூன்று வால். ஒற்றை வால் உள்ள இது யார் என்று நீயே கண்டுபிடித்துக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் ஊருக்குச் சென்றபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அவர் சிரித்துவிட்டு, "ஏன் ஆத்தா, வெளக்கமாத்துப் புல்லும் ஊசிப்புல்லும் ஒண்ணுன்னா எழுதிக் கொடுத்தே?" என்றார். திண்ணையில் இருந்த அப்பாயி அதற்குள், "அது வீட்டைக் கூட்டும், இது ஆட்டைக் குத்தும். இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டார். நான் நூலகத்தில் தேடிய வேறுபாடு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. ஆயினும் திண்ணையில் இருந்த அறிவை ஆசிரியை ஏற்கும் வகையில் எழுதிக் காட்ட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நான் கற்றவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். படிப்பவர்கள் ஒரு கை லென்சும் ஒரு கிண்ணம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உடன் வந்தால் போதும்.

பெயரும் உறவும்

ஊசிப்புல்லின் அறிவியற்பெயர் ஹெட்டிரோபோகன் கண்டார்ட்டஸ். லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதை ஆண்ட்ரோபோகன் கண்டார்ட்டஸ் என்று பெயரிட்டார். 1817-இல் இது ஹெட்டிரோபோகன் என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. 'கண்டார்ட்டஸ்' என்றால் முறுக்கியது என்று பொருள். 'ஹெட்டிரோபோகன்' என்பதற்கு வேறுபட்ட தாடியுடையது என்று பொருள். ஒரே கதிரில் சில பகுதிகள் வாலோடும் சில பகுதிகள் வாலின்றியும் இருப்பதால் வந்த பெயர் இது. முறுக்கு, இருவகைச் சிறுகதிர் என்னும் இரண்டு அடையாளங்களும் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

புற்குடும்பத்தில் கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெட்டிவேர் ஆகியவை எந்தக் கிளையைச் சேர்ந்தவையோ அதே கிளையைச் சேர்ந்தது ஊசிப்புல். இந்தக் கிளையினர் வெயிலும் வெப்பமும் மிகுந்த இடத்தில் குறைந்த நீரைக் கொண்டு மாவுப்பொருள் தயாரிக்கும் ஆற்றல் பெற்றவர்கள். இதையே நாம் வகுப்பில் சி-4 வழிமுறை என்று படிக்கிறோம். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலைத் தாங்க இந்த ஏற்பாடு மிகவும் தேவை அல்லவா?

முதல் அடையாளம்: தூர்

கதிர் இல்லாத காலத்திலும் ஒரு புல்லை அறிய வேண்டுமானால், முதலில் அதன் அடியைப் பார்க்க வேண்டும். அருகம்புல் தரையில் ஓடிக் கணுதோறும் வேர்விட்டுப் படரும். ஊசிப்புல் அப்படி ஓடாது. நாற்று முடிபோல் ஒரே இடத்தில் நெருக்கமாகத் தூர் கட்டி நிற்கும். இரண்டு தூர்களுக்கு நடுவே வெறும் செம்மண்ணோ சரளையோ தெரியும்.

இது பல பருவத் தாவரம். அதை எப்படி அறிவது? ஒரு பருவப் புல்லைப் பிடித்து இழுத்தால் மெல்லிய வேரோடு கையில் வந்துவிடும். ஊசிப்புல்லை இழுத்தால் கைதான் வலிக்கும். மண்வெட்டியால் தோண்டித் தூரைப் பிளந்து பார்த்தால், சென்ற ஆண்டின் காய்ந்து நைந்த அடிக்கட்டைகளும் இந்த ஆண்டின் பச்சைக் குருத்துகளும் ஒன்றாகவே இருக்கும். தீயில் மேற்பகுதி கருகினாலும் மழை பெய்ததும் அந்த அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

தூரின் அடிப்பகுதியை இரு விரல்களால் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருளாது. இலையுறைகள் இருபுறமும் அமுங்கி, படகின் அடிபோல் நடுவில் ஒரு விளிம்போடு, ஒன்றன்மேல் ஒன்று விசிறி மடிப்பாக அமைந்திருக்கும். இந்தத் தட்டையான அடி மிக நல்ல அடையாளம். இருட்டில் தொட்டே அறிந்துகொள்ளலாம் என்று அப்பா சொல்வது இதனால்தான் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

இரண்டாம் அடையாளம்: இலை

இலை நீண்டு குறுகியது. அகலம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேற்படாது. இளமையில் நடு நரம்பை ஒட்டி இரண்டாக மடிந்திருக்கும். நுனியைக் கவனியுங்கள்: பல புற்களில் நுனி நூல்போல் நீண்டு கூர்மையாகும், ஊசிப்புல்லில் நுனி திடீரென்று முடிந்து படகின் முனைபோல் சற்றே குவிந்திருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நீண்ட வெண்மயிர்கள் சில தென்படும். அங்கே உட்புறத்தில் உள்ள நாவு என்னும் சிறு சவ்வு மிகவும் குட்டையானது; அதன் விளிம்பிலும் நுண்மயிர்கள் உண்டு. இதற்கு லென்ஸ் கட்டாயம் வேண்டும்.

காய்ந்த பிறகு நிறமும் உதவும். பல புற்கள் காய்ந்தால் சாம்பல் வெளுப்பாகும். ஊசிப்புல் செம்பழுப்பாக, ஏறக்குறையத் துருவின் நிறத்தில் நிற்கும். மாசி மாதத்து மாலை வெயிலில் பொட்டல் முழுவதும் செம்பட்டையாகத் தெரிந்தால் அருகில் சென்று பார்க்கத் தவறாதீர்கள்.

மூன்றாம் அடையாளம்: கதிர்

தண்டு முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும், மேற்பகுதியில் கிளைக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு கதிர்தான் இருக்கும். வாலை நீக்கி அளந்தால் கதிரின் நீளம் சுமார் 3 முதல் 7 சென்டிமீட்டர்.

கதிரில் சிறுகதிர்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இணையிலும் ஒன்று காம்பில்லாதது, மற்றொன்று காம்புள்ளது. கதிரின் அடியில் உள்ள சில இணைகளில் இரண்டுமே பச்சையாய், வாலின்றி, ஒன்றுபோல் இருக்கும். அவை விதை தருவதில்லை. மேலுள்ள இணைகளில்தான் வேறுபாடு தொடங்குகிறது. காம்புள்ளது முன்போலவே பச்சையாய் வாலின்றி இருக்கும், அது ஆண். காம்பில்லாதது பழுப்பாய், உருண்டு, நீண்ட கருமையான வாலோடு இருக்கும். அதுவே விதையாகும் பெண். பச்சை உமிகள் ஒரு பக்கமாக ஓடுபோல் அடுக்கி நிற்பதால், பெண் சிறுகதிர்கள் மறைந்து, வால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

முதிர்ந்ததும் இந்த வால்கள் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கதிர் நுனியில் ஒரே சடையாகிவிடும். வேறு அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும், இந்தக் கருஞ்சடையைக் கண்டால் ஊசிப்புல் என்று துணிந்து சொல்லலாம். அமெரிக்காவில் இதைச் 'சிக்குத்தலை' என்று பொருள்படும் பெயரால் அழைப்பதும் இதனால்தான்.

நான்காம் அடையாளம்: ஊசி

இப்போது சடையிலிருந்து ஓர் ஊசியை மட்டும் பிரித்தெடுப்போம். அதன் கீழ்முனை உண்மையிலேயே ஊசிதான்; 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமுள்ள கூரிய முனை. அந்த முனையைச் சுற்றி விறைப்பான மயிர்கள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. ஊசி உள்ளே போகும்போது இம்மயிர்கள் படிந்து வழிவிடும்; வெளியே இழுத்தால் விரிந்து தடுக்கும். தூண்டில் முள்ளின் அமைப்பு இதுவே.

மேல்முனையில் வால். நான் அளந்த வால்கள் 6 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருந்தன. வாலின் கீழ்ப்பகுதி கயிறுபோல் முறுக்கேறியது. மேல்பகுதி முறுக்கில்லாத மெல்லிய முள். இரண்டுக்கும் இடையே முழங்கால்போல் ஒரு மடிப்பு உண்டு.

இனி அந்த ஊசியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு எடுத்து, முனையை ஒரு மாவு உருண்டையில் செருகி நிறுத்துங்கள். சற்று நேரத்தில் முழங்கால் கடிகார முள்போல் சுற்றத் தொடங்கும். ஈரம் ஏறும்போது முறுக்கு அவிழ்கிறது. வெயிலில் காயும்போது மீண்டும் முறுக்கேறி எதிர்த்திசையில் சுற்றுகிறது. சிறுவயதில் நாங்கள் எச்சில் தொட்டு வைத்து, யாருடைய ஊசி அதிகம் சுற்றுகிறது என்று பந்தயம் கட்டி விளையாடியிருக்கிறோம். அது ஒரு தாவரவியல் சோதனை என்று அப்போது யாரும் சொல்லவில்லை!

இது எப்படி நடக்கிறது? வாலில் உள்ளவை உயிரற்ற செல்கள். அவற்றின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் சுருள்வட்டமாகச் சுற்றப்பட்டுள்ளன. நீரேறினால் இழைகளுக்கு இடையிலுள்ள பொருள் ஊதுகிறது, இழைகளோ நீள்வதில்லை. ஆகவே செல் முழுவதும் திரும்ப வேண்டியதாகிறது. ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே திசையில் திரும்பும்போது வாலே சுழல்கிறது. கயிறு திரிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நனைந்த கயிறு தானாகவே திரும்புவதை அவர்கள் அறிவார்கள். உயிர் தேவைப்படாத செயல் ஆகையால், தாளில் ஒட்டிப் பல காலம் ஆன மாதிரியிலிருந்து எடுத்த ஊசியும் நனைத்தால் சுழலும். சார்லஸ் டார்வினின் மகனான பிரான்சிஸ் டார்வின் 1876-இல், ஸ்டைபா என்னும் மற்றொரு புல்லின் விதை இவ்வாறு தன்னைத்தானே மண்ணில் புதைத்துக்கொள்வதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

புல்லுக்கு இதனால் என்ன பயன்? கீழே விழுந்த ஊசியின் முழங்கால், பக்கத்துக் கல்லிலோ புல்லிலோ தட்டி நின்றுவிடும். வால் சுற்ற முடியாதபோது விதை சுற்றுகிறது. இரவுப் பனியில் ஒரு பக்கம், பகல் வெயிலில் மறுபக்கம் என்று திருகாணிபோல் திருகி முனை மண்ணுக்குள் இறங்குகிறது. மயிர்கள் அதைத் திரும்பி வரவிடா. இப்படிப் புதைந்த விதை எறும்புக்கும் தப்புகிறது, வெயிலுக்கும் தப்புகிறது, மேலே பரவி ஓடும் தீக்கும் தப்புகிறது.

ஆட்டின் தோலும் அந்த ஊசிக்கு மண்தான் என்பதுதான் எங்கள் வீட்டுத் துயரம்.

ஏமாற்றும் உறவினர்கள்

ஊசிப்புல்லோடு குழம்பக்கூடிய புற்கள் நம் பொட்டல்களில் சில உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வழி இது:

விளக்குமாற்றுப் புல்: துடைப்பப்புல் என்றும் சொல்வார்கள். அரிஸ்டிடா செட்டேசியா இதன் பெயர். இதுவும் தூர் கட்டும், இதுவும் குத்தும். ஆனால் ஒவ்வொரு விதையின் நுனியிலிருந்தும் மூன்று வால்கள் பிரியும். தண்டு கம்பிபோல் விறைப்பானது. அதனால்தான் வீடு கூட்டுகிறது. நான் ஏமாந்தது இதனிடம்தான்.

ஒட்டுப்புல்: கிரைசோபோகன் அசிகுலேட்டஸ். இது தரையோடு படர்ந்து பாய்போல் வளரும், தூர் கட்டாது. சிறுகதிர்கள் துணியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வால் மிகவும் குட்டை, சடை விழாது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்றுவிட்டு வகுப்புக்கு வருபவர்களின் கால்சட்டை விளிம்பில் இதைத் தேடலாம்.

கொழுக்கட்டைப் புல்: செங்க்ரஸ் சிலியாரிஸ். தூர் கட்டும் நல்ல தீவனப் புல். கதிர், மிருதுவான மயிரடர்ந்த அணில்வால்போல் இருக்கும். மயிர்கள் சிறுகதிரைச் சுற்றி நிற்கும். முறுக்கிய நீண்ட வால் கிடையாது.

ஆக, மூன்று கேள்விகள் போதும். தூரா, படர்வதா? கிளை நுனியில் ஒரே கதிரா? விதைக்கு ஒற்றை வாலா? மூன்றுக்கும் விடை சரியாக இருந்து, அடியும் தட்டையாக இருந்தால், கையில் இருப்பது ஊசிப்புல்.

பெயர் அறிந்து என்ன பயன்?

இனி நான் இதை எழுதுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் நாற்பது செம்மறி ஆடுகள் இருக்கின்றன. என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் அவற்றிலிருந்துதான் வருகின்றன. சென்ற தை மாதம், அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டதால் தம்பி ஆடுகளை ஓட்டிச் சென்றான். தூரத்தில் அசைந்த புல்லைக் கண்டு நல்ல மேய்ச்சல் என்று பொட்டலுக்குள் விட்டுவிட்டான். அன்று இரவு முழுவதும் அம்மாவும் நானும் விளக்கை வைத்துக்கொண்டு ஆடுகளின் உடலிலிருந்து ஊசிகளை நகத்தால் பிடுங்கினோம். மயிருக்குள் நுழைந்து, தோலைத் துளைத்து, சதைவரை போயிருந்தன. ஒரு குட்டிக்குக் கண்ணிலேயே ஏறிவிட்டது. மருத்துவரிடம் கொண்டுபோயும் அந்தக் கண் போய்விட்டது. பிறகு விற்ற ஆடுகளுக்கும், தோலில் ஓட்டை என்று சொல்லி விலையைக் குறைத்தார்கள்.

அன்று நான் அந்தப் புல்லை வெறுத்தேன். "இதை முழுக்கப் பிடுங்கி எறிந்தால் என்ன அப்பா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "ஐப்பசியில அந்தப் புல்லுதான ஆத்தா ஆட்டைக் காப்பாத்துச்சு? குத்துறது ரெண்டு மாசம். மிச்சத்துக்கு அதுதான் சோறு" என்றார்.

அப்பாவின் கணக்கு இதுதான். மழை விழுந்து துளிர்க்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஊசிப்புல் இளசாக இருக்கும். ஆடுமாடு விரும்பி மேயும். மார்கழியில் கதிர் தலைகாட்டியதும் அறுத்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். அல்லது ஆட்டை வேறு பக்கம் திருப்ப வேண்டும். தை, மாசியில் ஊசி கறுத்துச் சடை விழும்போது ஆட்டை அந்தப் பக்கமே விடக்கூடாது. ஊசி உதிர்ந்த பின் எஞ்சிய தாளை மாடு தின்னும். மழை முன்பின் ஆனால் மாதமும் முன்பின் ஆகும். ஆகவே மாதத்தைப் பார்க்காமல் கதிரைப் பார்க்க வேண்டும். பூப்பதற்கு முன் அறுத்தால் நல்ல தீவனம் என்பதே தீவனப்பயிர் நூல்களும் சொல்வது. அவற்றில் நான் படித்ததை அப்பா அனுபவத்தில் அறிந்திருக்கிறார். தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஓர் இடைவெளியில் ஒரு குட்டியின் கண் போயிற்று.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியது அன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியில், கடலோர மேய்ச்சல் நிலங்களில் செம்மறி வளர்ப்பைக் கைவிட்டு மாடு வளர்ப்புக்கு மாறியதற்கு இந்தப் புல்லின் ஊசியும் ஒரு காரணமாயிற்று. அதே புல்லை ஹவாய்த் தீவு மக்கள் 'பிலி' என்று அழைத்து, தங்கள் வீடுகளுக்குக் கூரை வேய்ந்தார்கள். ஒரே புல் ஓரிடத்தில் பகையாகவும் மற்றோரிடத்தில் நிழலாகவும் இருந்திருக்கிறது.

நம் நாட்டில் புற்களை ஆராய்வதற்கென்றே ஜான்சியில் இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் தொடங்கப்பட்டது. தபத்காவ், சங்கரநாராயண் என்னும் இரு அறிஞர்கள் நாடெங்கும் உள்ள புல்வெளிகளை ஆராய்ந்து ஐந்து வகைகளாகப் பிரித்து 1973-இல் நூலாக வெளியிட்டார்கள். தீபகற்ப இந்தியாவின் வறண்ட புல்வெளிகளை அவர்கள் செகிமா–டைகாந்தியம் வகை என்றார்கள். அந்த வகைப் புல்வெளிகளில் ஊசிப்புல்லுக்கும் முக்கிய இடம் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு ஒரே பெயர்தான்: தரிசு.

தரிசு என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று பொருளாகிவிடுகிறது. ஒன்றும் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் அல்லவா? நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது எங்கள் ஊருக்கு வடக்கே பரந்து கிடந்த பொட்டலில் இப்போது தைலமரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழே சருகு உண்டு. தூர் கட்டிய புல் இல்லை. அப்பா இப்போது ஆடுகளை இரண்டு மைல் கூடுதலாக ஓட்டிச் செல்கிறார். மரம் நடுவது தவறு என்று நான் வாதிடவில்லை. நடும் முன் அங்கே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டார்களா என்றுதான் கேட்கிறேன். பெயர் எழுதப்படாத ஒன்று இல்லாமற் போனால், இல்லாமற் போனது என்பதுகூடப் பதிவாகாது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் உரிய அனைத்துலக ஆண்டாக 2022-இல் அறிவித்தது. இந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னபோது, "நமக்கும் ஒரு வருசமா?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, நம் கல்லூரிக்கு அறந்தாங்கியிலிருந்தும் இலுப்பூரிலிருந்தும் திருமயத்திலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் மாணவர்கள் வருகிறோம். நம்மில் பலர் வீட்டுக்கு அருகே ஒரு பொட்டலோ, பாறைக்குன்றின் சரிவோ, செம்புறாங்கல் மேடோ இருக்கும். அடுத்த விடுமுறையில் அங்கே சென்று ஒரு தூரைத் தேடுங்கள். மாதிரி எடுப்பதானால் மேலே மட்டும் கிள்ளாதீர்கள். பல பருவப் புல் என்பதற்குச் சான்று அடியில்தான் இருக்கிறது. வேரோடு ஒரு சிறு பகுதியை மட்டும் தோண்டி, மண்ணை உதறி, தாளைவிட நீளமாக இருந்தால் மடித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றுவது அவசியம். தேதி, ஊர், மண், உயரம், நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சித்தன்னவாசல், நார்த்தாமலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் பார்த்துக் குறித்துக்கொண்டாலே போதும். எதையும் பிடுங்க வேண்டாம்.

நம் பக்கத்துத் தாவரங்களுக்கு நூல்களும் இருக்கின்றன. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேப்பினாட் உலர்தாவரகத்திலிருந்து கே.எம். மேத்யூ அடிகளார் எழுதிய தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. ஆனால் நூலைத் திறக்கும் முன் ஒரு வேலை உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் அந்தப் புல்லைக் காட்டி, அதன் பெயரையும் அதை அவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரை இரண்டு ஊரில் இரண்டு புல்லுக்குச் சொல்லக்கூடும். ஆகவே அவர்கள் சொல்வதையும் எழுதுங்கள்; வாலையும் எண்ணுங்கள்.

என் தாளை நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அறிவியற்பெயர்: ஹெட்டிரோபோகன் கண்டார்ட்டஸ். ஊர்ப்பெயர்: ஊசிப்புல். குறிப்பு என்ற இடத்தில், "கதிர் வருமுன் நல்ல தீவனம்; தை, மாசியில் ஆடுகளை விடலாகாது" என்று எழுதினேன். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் அப்பாயியின் பெயரையும் எழுதினேன். ஆசிரியை அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அந்தத் தாள் இப்போது நம் துறையின் அலமாரியில் இருக்கிறது.

விடுமுறையில் தம்பியைப் பொட்டலுக்கு அழைத்துச் சென்று, ஒரு கதிரைக் கையில் கொடுத்து, "இதுக்கு எத்தனை வால்னு எண்ணு" என்றேன். அவன் எண்ணத் தொடங்கினான்.